காற்றோட்ட இயந்திரத்தின் ஃபில்டர் செலவு: எந்த வழியில் குறையும், எந்த வழியில் கூடும்?

வெளிக்காற்றை உள்ளே இழுத்து, உள்காற்றை வெளியே தள்ளி, இரண்டுக்கும் நடுவே வெப்பத்தைக் கைமாற்றிக் கொடுக்கும் வெப்ப மீட்புக் காற்றோட்ட இயந்திரத்துக்குத் தொடர்ந்து செலவு வைப்பது ஃபில்டர்தான். அந்த மாடலுக்கென்றே வார்த்த சட்டகம், அந்த மாடலுக்கென்றே உள்ள அளவு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மினுக்கும் எச்சரிக்கை விளக்கு. வாங்கிய இரண்டாம் வருஷத்திலேயே வீட்டுக்காரர் கணக்குப் போடத் தொடங்குகிறார். வேறு கம்பெனி ஃபில்டர் போடலாமா, கழுவிப் போடலாமா, பஞ்சு வாங்கி வெட்டிக்கொள்ளலாமா, இன்னும் நான்கு மாதம் ஓட்டலாமா என்று கேள்விகள் வரிசையாக வரும்.

எல்லா வழிகளையும் ஒப்பிட்டால் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. மலிவான ஃபில்டரைத் தேடுவதால் கிடைக்கும் லாபம் சிறியது. விலையுயர்ந்த ஃபில்டருக்குப் போகும் தூசியைக் குறைத்து, அது உண்மையில் அடைத்துக்கொண்ட பிறகு மட்டும் மாற்றுவதால் கிடைக்கும் லாபம் பெரியது. ஏன் என்பதைப் பார்க்க, முதலில் ஃபில்டர் செய்யும் வேலையைப் பார்க்க வேண்டும்.

இரண்டு ஃபில்டர், இரண்டு வேலை

உள்ளே வரும் காற்றின் பாதையில் இருப்பது வீட்டில் வசிப்பவர்களுக்காக. வெளியே போகும் காற்றின் பாதையில் இருப்பது இயந்திரத்துக்காக. குளியலறை, கழிப்பறை, சமையலறையிலிருந்து திரும்பும் காற்றில் துணி நாரும், முடியும், கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கும் இருக்கும். அவை வெப்பமாற்றியின் குறுகிய சந்துகளில் படியாமல் தடுத்தால் போதும். எப்படியும் வெளியே போகப்போகிற காற்றை நுண்துகள் அளவுக்குச் சுத்தம் செய்வதில் யாருக்கும் பயனில்லை.

ஆனால் பல வீடுகளில் இரண்டு பக்கமும் எஃப்7 நுண் ஃபில்டர் போட்டிருக்கிறார்கள். ஜோடியாக விற்பதால் அப்படியே வாங்கிவிடுகிறார்கள். வெளியேறும் பக்கத்துக்கு, பெரிய தூசியை மட்டும் பிடிக்கும் ஜி4 என்ற கரடுத் தரம் போதும் என்று பெரும்பாலான இயந்திரங்களின் கையேட்டிலேயே இருக்கும். ஒருமுறை எடுத்துப் பாருங்கள். வேறெதுவும் செய்யாமல், அந்தப் பக்கத்தை ஜி4-க்கு மாற்றினாலே செலவில் ஒரு பங்கு அப்படியே நின்றுவிடும். காற்றின் தரத்தில் கடுகளவும் குறையாது. எதிர்ப்பு குறைவதால் ஃபேனும் சற்று அமைதியாக ஓடும். இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். ஒரு பக்கத்தின் எதிர்ப்பு மாறினால் வரும் காற்றுக்கும் போகும் காற்றுக்கும் உள்ள சமநிலை மாறும். காற்றின் அளவைத் தானே சரிசெய்துகொள்ளும் இயந்திரம் என்றால் கவலையில்லை. மற்றவற்றில் ஃபேன் வேகத்தை ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.

சமையலறைப் புகைக் கூண்டை இந்த இயந்திரத்தின் குழாயோடு இணைத்திருந்தால், முதலில் அதைப் பிரித்துவிடுங்கள். எண்ணெய் ஆவி ஏறிய ஃபில்டரை எந்த முறையாலும் காப்பாற்ற முடியாது.

தரக் குறியீட்டைப் படிக்கும் முறை

விலையை ஒப்பிடுவதற்கு முன் குறியீடுகளை ஒப்பிட வேண்டும். ஜி4, எஃப்7 என்பவை ஈஎன் 779 என்ற ஐரோப்பியத் தரத்திலிருந்து வந்தவை. அதன் இடத்துக்கு ஐஎஸ்ஓ 16890 என்ற தரம் 2016-ல் வந்தது. பழையது 2018-ல் விலக்கிக்கொள்ளப்பட்டது. ஆனாலும் கடைப் பேச்சில் பழைய பெயர்கள்தான் ஓடுகின்றன. தோராயமாகச் சொன்னால், ஜி4 என்பது இப்போது ‘ஐஎஸ்ஓ கோர்ஸ் 60%’ அல்லது அதற்கு மேல். எஃப்7 என்பது ‘இபிஎம்1 50%’ அல்லது அதற்கு மேல், அதாவது ஒரு மைக்ரானும் அதற்குக் குறைவாகவும் உள்ள துகள்களில் பாதியையாவது பிடிப்பது. அமெரிக்க முறையில் மெர்வ் 8-ஐ ஜி4-க்கும், மெர்வ் 13-ஐ எஃப்7-க்கும் பக்கத்தில் வைக்கலாம். அச்சாகப் பொருந்தாது, வாங்கும்போது வழிகாட்ட அது போதும்.

இதை இவ்வளவு விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. செயற்கை நாரில் மின்னூட்டம் ஏற்றிச் செய்த ஃபில்டர், புதிதாக இருக்கும்போது நுண்துகளைப் பிரமாதமாகப் பிடிக்கும். தூசி படியப் படிய மின்னூட்டம் மறைந்து, பிடிப்பும் இறங்கும். ஐஎஸ்ஓ 16890 சோதனையில் ஆல்கஹால் ஆவியால் மின்னூட்டத்தை நீக்கிவிட்டு மறுபடி அளக்கிறார்கள். நீக்கிய பிறகும் 50 சதவீதம் தேறினால்தான் இபிஎம்1 என்று எழுத முடியும். ஆகவே பெட்டியின் மேல் வெறுமனே ‘எஃப்7’ என்று மட்டும் அச்சடித்த மலிவு ஃபில்டரையும், ‘ஐஎஸ்ஓ இபிஎம்1 55%’ என்று எண்ணோடு எழுதிய ஃபில்டரையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

கம்பெனி ஃபில்டரா, அதே அளவில் பிறர் செய்வதா?

பொருத்தமான மாற்று ஃபில்டர் நன்றாகவே வேலை செய்யும். உள்ளே இருக்கும் நார்த்துணியைத் தயாரிக்கும் ஆலைகள் உலகில் கொஞ்சம்தான். இயந்திரக் கம்பெனியும் மாற்றுக் கம்பெனியும் பெரும்பாலும் அதே மாதிரித் துணியைத்தான் வாங்கி மடிக்கின்றன. வித்தியாசம் மூன்று இடங்களில் வரும்: மடிப்பின் எண்ணிக்கை, சட்டகத்தின் அளவு, ஓரத்து ரப்பர்.

மடிப்பு ஏன் முக்கியம் என்றால், துணியின் மொத்தப் பரப்பை அதுதான் தீர்மானிக்கிறது. பரப்பு இரட்டித்தால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் காற்று பாதி வேகத்தில் போகும், பாதித் தூசிதான் படியும். இரண்டும் சேர்ந்து, ஒரே அளவு தூசிக்குப் படிவின் எதிர்ப்பு கால்வாசியாகக் குறைவதாகக் கணக்கு வரும். நடைமுறையில் முழுதாக அவ்வளவு கிடைக்காது. இருந்தாலும் மடிப்பு குறைந்த ஃபில்டர் பாதி விலைக்குக் கிடைத்தால் அது லாபமில்லை என்பதற்கு இந்தக் கணக்கே போதும், ஏனென்றால் அதன் ஆயுளும் பாதிக்குக் கீழே போய்விடும். பழைய ஃபில்டரைத் தூக்கி எறிவதற்கு முன் மடிப்புகளை எண்ணி, ஒரு மடிப்பின் ஆழத்தையும் அளந்து எழுதி வையுங்கள். மடிப்பு எண்ணிக்கை, அதன் ஆழத்தின் இரு மடங்கு, ஃபில்டரின் அகலம் ஆகிய மூன்றையும் பெருக்கினால் துணியின் பரப்பு கிடைத்துவிடும்.

சட்டகத்தின் அளவு அதைவிட முக்கியம். 400-க்கு 200 மில்லிமீட்டர் ஃபில்டரைச் சுற்றிலும் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சுற்றளவு 1200 மில்லிமீட்டர். இடைவெளியின் மொத்தப் பரப்பு 12 சதுர சென்டிமீட்டர். ஃபில்டரின் இருபுறமும் 50 பாஸ்கல் அழுத்த வேறுபாடு இருந்தால், அந்தச் சந்து வழியாக மணிக்குச் சுமார் 24 கன மீட்டர் காற்று வடிகட்டப்படாமலே போகும். இயந்திரம் மணிக்கு 200 கன மீட்டர் தள்ளுகிறது என்றால் அது 12 சதவீதம். ஃபில்டர் அடைக்க அடைக்க அழுத்தம் கூடி, ஓட்டை வழியே போகும் பங்கும் கூடும். இப்படிப்பட்ட ஃபில்டர் ‘நீண்ட நாள் உழைக்கிறது’ என்று தோன்றும். உண்மையில் தூசி அதைத் தாண்டி வெப்பமாற்றியில் போய்ப் படிந்துகொண்டிருக்கும். சட்டகத்தில் ஒட்டும் 3 மில்லிமீட்டர் மூடிய துளை ஃபோம் டேப் (காற்று ஊடுருவாத வகை) இந்தக் குறையைத் தீர்த்துவிடும். ஃபில்டரை உள்ளே தள்ளும்போது லேசான இறுக்கம் தெரிய வேண்டும். தானாக வழுக்கிப் போனால் டேப் போதவில்லை.

அட்டைச் சட்டகம் மலிவு. ஈரமான காற்று வரும் பக்கத்தில் அது உப்பி, வளைந்து, எடுக்கும்போது கிழியும். வெளிக்காற்றுப் பக்கத்துக்கு பிளாஸ்டிக் சட்டகத்தையே வாங்குங்கள். உத்தரவாதக் காலம் முடியவில்லை என்றால், மாற்று ஃபில்டர் பற்றி அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

பஞ்சு விரிப்பை வெட்டிப் போடுவது

ஜி4 தரத்துக்கு இது சிறந்த வழி, எஃப்7-க்குக் கூடவே கூடாது. பல விவாதங்களில் இந்த வேறுபாட்டைத்தான் தவற விடுகிறார்கள்.

ஜி4 விரிப்பு என்பது 15 முதல் 20 மில்லிமீட்டர் கனமுள்ள, சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிராம் எடையுள்ள செயற்கை நார்ப் பஞ்சு. தட்டையாக வைத்தாலே வேலை செய்யும். ஃபில்டர் சட்டகத்தில் உள்ள பழைய துணியை ஓரத்தோடு கத்தியால் அறுத்து எடுத்துவிட்டு, அந்தக் கூட்டையே மறுபடி பயன்படுத்தலாம். விரிப்பை நீளத்திலும் அகலத்திலும் 10 மில்லிமீட்டர் கூடுதலாக வெட்டுங்கள். அந்தக் கூடுதல்தான் ஓரத்தை அடைக்கிறது. சுத்தக் காற்றுப் பக்கத்தில் 10, 12 மில்லிமீட்டர் கண்ணுள்ள கம்பி வலை ஒன்றை வையுங்கள். வலை இல்லாவிட்டால் தூசி ஏறிய பஞ்சு நடுவில் தொய்ந்து உள்ளே உறிஞ்சப்படும்.

விரிப்பின் இரண்டு முகமும் ஒன்றல்ல. விரலால் தடவினால் ஒரு பக்கம் பொசபொசவென்று தளர்வாகவும் மறுபக்கம் இறுகலாகவும் இருக்கும். தளர்ந்த பக்கம்தான் அழுக்குக் காற்றைப் பார்க்க வேண்டும். பெரிய தூசி மேலோடும் சிறியது உள்ளேயுமாகப் பஞ்சின் முழுக் கனத்திலும் படிவதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். திருப்பிப் போட்டால் இறுகிய முகத்தில் எல்லாம் ஒரே படலமாக அப்பிக்கொண்டு, சீக்கிரமே அடைத்துவிடும்.

எஃப்7 துணிக்கு இது ஒத்துவராததற்குக் காரணமும் பரப்புதான். அந்த மாதிரி நெருக்கமான துணியைத் தட்டையாக வைத்தால் 400-க்கு 200 சட்டகத்தில் 0.08 சதுர மீட்டர்தான் கிடைக்கும். மடித்த ஃபில்டரில் அதே சட்டகத்துக்குள் ஒரு சதுர மீட்டர் வரை அடங்கியிருக்கும். தட்டையாக வைத்தால் ஃபேன் திணறும், காற்று குறையும். வீட்டில் உள்ள வேறு துணிகளையும் இதற்குப் போட வேண்டாம். கொசு வலை தூசியைப் பிடிக்காது. வேக்யூம் பை, முகக்கவசத் துணி இரண்டும் போதிய காற்றை விடாது.

கழுவுவதும் உறிஞ்சுவதும்

ஜி4 பஞ்சை அழுக்குப் பக்கத்திலிருந்து மென் தூரிகை மாட்டிய வேக்யூமால் ஒருமுறை, இருமுறை உறிஞ்சலாம். வெதுவெதுப்பான நீரில் அமுக்கி எடுத்துக் கழுவலாம். முறுக்கிப் பிழியக் கூடாது. நன்றாகக் காய்ந்த பிறகே மாட்ட வேண்டும். ஈரத்தோடு மாட்டிய பஞ்சில் பூசணம் பிடித்தால் அந்த வாடை எல்லா அறைக்கும் போய்விடும். மூன்று முறைக்கு மேல் கழுவினால் நார் தளர்ந்து, பஞ்சு மெலிந்துவிடும். பஞ்சின் விலையோடு ஒப்பிட்டால் இந்த உழைப்பு பெரும்பாலும் வீண் என்பதே எங்கள் கணிப்பு.

மடித்த எஃப்7-ஐக் கழுவவே வேண்டாம். மின்னூட்டம் ஏற்றிய துணி என்றால் சோப்பு நீர் அந்த மின்னூட்டத்தை அழித்துவிடும். கண்ணாடி நார்த் துணி என்றால் நனைந்ததும் அமைப்பே குலையும். வெளியே பார்க்கப் புதிதுபோல் வெள்ளையாகிவிடும், ஆனால் நுண்துகளைப் பிடிக்கும் திறன் போயிருக்கும். வேக்யூமும் மடிப்பின் ஆழத்தில் உள்ள நுண்தூசியை எடுக்காது. முனையைக் கிழிக்கத்தான் செய்யும்.

முன்-ஃபில்டர் பெட்டி: அதிகம் மிச்சப்படுத்தும் வழி

வெளிக்காற்று உள்ளே வரும் குழாயில், இயந்திரத்துக்கு முன்னால், தாராளமான அளவில் ஒரு பெட்டி வைத்து அதில் ஜி4 பஞ்சைப் போடுவதுதான் இது. பூச்சி, மகரந்தம், மணல், இலைத் துணுக்கு என எடையில் பெரும்பங்கானவை மலிவான பஞ்சிலேயே நின்றுவிடும். விலையுயர்ந்த எஃப்7-க்கு நுண்தூசி மட்டும் போகும்.

பெட்டிக்கு உங்கள் இயந்திரத்தின் அளவை எடுக்காதீர்கள். காற்றோட்டத் துறையில் எங்கும் புழங்கும் அளவை எடுங்கள். 592-க்கு 592, 592-க்கு 287 மில்லிமீட்டர் என்பவை பெரிய கட்டடங்களுக்காகப் பல தயாரிப்பாளர்கள் செய்யும் பொது அளவுகள். அந்தப் பெட்டியில் இன்று பஞ்சு போடலாம், நாளை ஆழமான மடிப்பு ஃபில்டரோ பை ஃபில்டரோ கூடப் போடலாம். ஒரே கம்பெனியை நம்பி இருக்க வேண்டியதில்லை. 592-க்கு 287 என்றால் முகப்பு 0.17 சதுர மீட்டர். மணிக்கு 200 கன மீட்டர் காற்று அதில் நொடிக்கு 0.33 மீட்டர் வேகத்தில்தான் போகும். 300 கன மீட்டர் என்றாலும் 0.5-ஐத் தாண்டாது. அவ்வளவு மெதுவாகப் போகும் காற்றுக்குப் பஞ்சின் எதிர்ப்பு அற்பம்.

செய்யும்போது தவறுவது பெரும்பாலும் நான்கு இடங்களில். குழாயின் வாயைப் பஞ்சுக்கு மிக அருகில் வைத்துவிடுவார்கள். அப்போது காற்று பரவாமல் நடுவில் ஒரு வட்டம் மட்டும் கறுத்து, ஓரமெல்லாம் வெள்ளையாகவே கிடக்கும். குழாய்வாய்க்கும் பஞ்சுக்கும் இடையே 150 முதல் 200 மில்லிமீட்டர் இடம் விடுங்கள். அடுத்தது கதவு. ரப்பர் ஓரமும் இறுக்கும் கொக்கியும் இல்லாத கதவு, அறையின் தூசியையும் சூட்டையும் உள்ளே உறிஞ்சும். மூன்றாவது வியர்வை. வெளிக்காற்றுக்கும் பெட்டி இருக்கும் அறைக்கும் வெப்பநிலை வேறுபாடு இருந்தால் தகட்டில் நீர் கோக்கும். அதனால் 20 முதல் 30 மில்லிமீட்டர் மூடிய துளை ஃபோமைக் கொண்டு பெட்டி முழுவதையும் மூட்டு விடாமல் போர்த்த வேண்டும். நான்காவது, உறைபனிக் காலத்துக்கென்று குழாயில் முன்சூடாக்கி இருந்தால் பெட்டி அதற்கும் முன்னால் வர வேண்டும். இல்லாவிட்டால் தூசி அந்தச் சூட்டுக் கம்பிகளில் படியும்.

இந்த வழிக்கு ஓர் எல்லை உண்டு. வீட்டைச் சுற்றி வாகனப் புகையோ விறகுப் புகையோ அதிகம் என்றால், எஃப்7-ஐ அடைப்பது பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்குக் குறைவான கரித்துகள்தான். அது ஜி4 பஞ்சைச் சர்வசாதாரணமாகக் கடந்துபோகும். அந்த வீடுகளில் முன்-ஃபில்டரால் கிடைக்கும் ஆயுள் கூடுதல் குறைவு. அங்கே அதே பெட்டிக்குள் பரப்பு அதிகமுள்ள ஆழமான எஃப்7-ஐயே வைத்து, இயந்திரத்துக்குள் உள்ள சிறிய இடத்தில் ஜி4 போடுவது மேல். எந்த வகை வீடு என்று கண்டுபிடிக்கப் பழைய எஃப்7-ஐ வெட்டி ஒரு மடிப்பை விரித்துப் பாருங்கள். பழுப்பாக, மாவுபோல், பூச்சிச் சிறகோடு இருந்தால் முன்-ஃபில்டர் உதவும். மை தடவியதுபோல் சீரான கறுப்பாக இருந்தால் பரப்பைக் கூட்டுவதுதான் வழி.

பெட்டி வைக்க இடமில்லாதவர்கள் எஃப்7-இன் முகத்தில் மெல்லிய பஞ்சை வைப்பதுண்டு. 5 மில்லிமீட்டர் அளவிலான மெல்லிய விரிப்பாக இருக்கட்டும். மடிப்பு முனைகளைத் தொடாமல் ஒரு சென்டிமீட்டர் தள்ளி நிற்கட்டும். 20 மில்லிமீட்டர் பஞ்சைத் திணித்தால் மூடி சரியாக உட்காராமல், மேலே சொன்ன ஓரக் கசிவு வந்துவிடும்.

அப்படியே வெளிச்சுவரில் காற்று நுழையும் வாயையும் பாருங்கள். அங்கே உள்ள வலை பொடிக்கண்ணாக இருந்தால், பூச்சியும் பஞ்சுமாக அடைத்துக்கொண்டு, ஃபில்டர் புதிதாக இருந்தாலும் காற்று வராது. நான்கைந்து மில்லிமீட்டர் கண் போதும், தூசி பிடிப்பது அதன் வேலை அல்ல.

நாள்காட்டியா, அழுத்தமா?

எச்சரிக்கை விளக்கு பெரும்பாலான வீட்டு இயந்திரங்களில் ஒரு கடிகாரம் மட்டுமே. ஃபில்டரில் தூசி இருக்கிறதா இல்லையா என்பது அதற்குத் தெரியாது. நிறமும் ஏமாற்றும். எஃப்7 இரண்டு வாரத்திலேயே சாம்பல் நிறமாகிவிடும். அது வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். முடிந்துவிட்டது என்பதற்கு அல்ல. சரியான அளவுகோல் ஃபில்டருக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வேறுபாடு.

பல இயந்திரங்களில் இதற்கென்றே சிறு மூடியிட்ட துளைகள் இருக்கும். 250 பாஸ்கல் வரை காட்டும் எளிய வேறுபாட்டு அழுத்தமானி போதும். அது இல்லாவிட்டால் தண்ணீரை வைத்தே அளக்கலாம். ஒரு சிறு குப்பி, அதிலிருந்து ஒன்றுக்கு ஐந்து என்ற சரிவில் சாய்த்துப் பலகையில் பொருத்திய தெளிந்த குழாய், வண்ணம் கலந்த நீர். ஒரு மில்லிமீட்டர் நீர் உயரம் 9.8 பாஸ்கல். சரிவினால் அது ஐந்து மடங்கு நீண்டு தெரியும். அதாவது 20 பாஸ்கலுக்கு நீர் ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் நகரும். குப்பியின் வாயை ஃபில்டருக்கு முன்னும், குழாயின் மறுமுனையைப் பின்னும் இணைத்தால் அளவு கிடைத்துவிடும்.

துளை போட வழியில்லாத வீடுகளில் இரண்டு மாற்று உண்டு. காற்றின் அளவைத் தானே காக்கும் இயந்திரங்களில், ஃபில்டர் அடைக்க அடைக்க ஃபேனின் சுற்று வேகம் கூடும். கட்டுப்பாட்டுத் திரையில் அந்த எண்ணைப் புதிய ஃபில்டரோடு குறித்து வைத்து, 10 முதல் 15 சதவீதம் ஏறியதும் மாற்றலாம். மற்ற இயந்திரங்களில் காற்று குறையும். அதற்கு 50 லிட்டர் பிளாஸ்டிக் பையைச் சப்பையாக்கி ஓர் அறையின் காற்றுவாயில் இறுகப் பிடித்து, நிரம்ப எத்தனை நொடி என்று பாருங்கள். மணிக்கு 30 கன மீட்டர் என்றால் 6 நொடி. அது 8 நொடி ஆனால் கால்வாசிக் காற்று காணாமல் போய்விட்டது என்று பொருள்.

எந்த அளவில் மாற்றுவது? ஆய்வகத்தில் கரடு ஃபில்டரை 200 பாஸ்கல், நுண் ஃபில்டரை 300 பாஸ்கல் வரை ஓட்டிச் சோதிப்பார்கள். வீட்டு ஃபேனுக்கு அது தாங்காது. புதிதாக இருந்தபோது காட்டிய அளவைப்போல் இரண்டு, இரண்டரை மடங்கு வந்ததும் மாற்றுவது நியாயமான எல்லை.

தள்ளிப்போட்டால் மின்சாரம் கூடுமே என்ற கவலைக்கும் கணக்கு இருக்கிறது. மணிக்கு 200 கன மீட்டர் காற்று, ஃபேனின் திறன் 40 சதவீதம் என்றால், கூடுதலாக வரும் ஒவ்வொரு 100 பாஸ்கலுக்கும் சுமார் 14 வாட் ஆகும். வருஷம் முழுக்க அப்படியே ஓடினால் 120 யூனிட். அழுத்தம் படிப்படியாகத்தான் ஏறும் என்பதால் உண்மையில் அதில் பாதி. உங்கள் யூனிட் விலையால் 60-ஐப் பெருக்கி, ஒரு ஃபில்டரின் விலையோடு வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் ஃபில்டர்தான் கனமாக இருக்கும். ஆகவே அழுத்தம் அனுமதிக்கும் வரை தள்ளிப்போடுவதில் நஷ்டமில்லை.

தள்ளிப்போடக் கூடாத வீடுகளும் உண்டு. வீட்டுக்குள் புகைபோக்கி வைத்த அடுப்போ கணப்போ இருந்தால், வரும் பக்க ஃபில்டர் அடைத்ததும் வீட்டுக்குள் அழுத்தம் தாழ்ந்து, புகை உள்ளே திரும்பலாம். இது உயிர் ஆபத்து. அங்கே மிச்சம் பிடிக்க வேண்டாம். ஃபில்டர் நனைந்திருந்தாலோ, மக்கிய வாடை வந்தாலோ, அழுத்தம் எதைக் காட்டினாலும் மாற்றுங்கள். வெளிக்காற்றுப் பக்கத்தில் ஒரு வருஷத்துக்கு மேல் எந்த ஃபில்டரையும் விட வேண்டாம்.

சில்லறை வழிகள்

வீட்டில் ஆளில்லாத நேரத்தில் வேகத்தைக் குறைப்பது நல்லது. 200-ஐ 150 ஆக்கினால் கால்வாசித் தூசி வருவதே இல்லை. ஆனால் படுக்கையறையில் ஆள் தூங்கும்போது குறைத்தால் கார்பன் டை ஆக்சைடு ஏறி, காலையில் தலை கனக்கும். பூச்சு வேலை, தரை தேய்ப்பு நடக்கும் நாள்களில் இயந்திரத்தை நிறுத்திக் காற்றுவாய்களை மூடிவிடுங்கள். ஒரு வாரச் சுவர்த் தூசி ஒரு வருஷ ஃபில்டரைத் தின்றுவிடும். கரி சேர்த்த ஃபில்டரை வாடைப் பிரச்சினை உண்மையில் இருந்தால் மட்டும் வாங்குங்கள். கரி நிரம்பிய பிறகு அதற்குத் தந்த கூடுதல் விலைக்குப் பயனில்லை. மொத்தமாக வாங்குவதென்றால் இரண்டு வருஷத்துக்கு மேல் வேண்டாம். ஈரமில்லாத இடத்தில், உறை பிரிக்காமல், மேலே சுமை வைக்காமல் அடுக்குங்கள். நசுங்கிய மடிப்பு திரும்ப விரியாது.

எந்த வீட்டுக்கு எது?

வாடகை வீடு, இயந்திரத்தில் கை வைக்க முடியாது என்றால்: வெளியேறும் பக்கத்தை ஜி4-க்கு மாற்றி, வரும் பக்கத்துக்கு எண்ணோடு தரம் எழுதிய மாற்று ஃபில்டரை ஃபோம் டேப்போடு போடுங்கள். மகரந்தமும் மண்தூசியும் அதிகமுள்ள இடத்தில் சொந்த வீடு என்றால் முன்-ஃபில்டர் பெட்டி. அதற்கு ஈடான வழி வேறில்லை. சாலையோர வீட்டுக்கு ஆழமான எஃப்7. ஒவ்வாமையோ மூச்சுத் தொல்லையோ இல்லாத, சுற்றிலும் காற்று தூய்மையான வீட்டில் இரண்டு பக்கமும் ஜி4 வைத்து, மகரந்தமோ புகையோ வரும் மாதங்களில் மட்டும் எஃப்7 மாட்டுவதும் நேர்மையான தேர்வுதான்.

பெட்டி வைத்த வீட்டின் கணக்கு எப்படி மாறும் என்று பாருங்கள். முன்பு இரண்டு பக்கமும் எஃப்7, ஆறு மாதத்துக்கு ஒருமுறை: வருஷத்துக்கு நான்கு. இப்போது வரும் பக்கத்துக்கு மட்டும், வருஷத்துக்கு ஒன்று. கூடுவது பஞ்சுதான். 0.17 சதுர மீட்டர் பெட்டிக்கும், 0.1 சதுர மீட்டர் வெளியேறும் பக்கத்துக்கும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றினால், வருஷத்துக்கு 1.1 சதுர மீட்டர் ஆகும். ஒரு மீட்டர் அகலம், 20 மீட்டர் நீளமுள்ள சுருளை வாங்கினால் 18 வருஷத்துக்கு வரும். அவ்வளவு பஞ்சை வீட்டில் சேர்த்து வைக்க வேண்டியதில்லை. இரண்டு, மூன்று சதுர மீட்டராக வெட்டிக் கொடுக்கும் இடத்தில் வாங்குங்கள்.

எந்த வழியை எடுத்தாலும், புதிய ஃபில்டரை மாட்டிய அன்றே அழுத்தத்தையோ ஃபேன் வேகத்தையோ அளந்து, தேதியோடு இயந்திரத்தின் மூடியின் உள்பக்கத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள். அந்த ஓர் எண் இல்லாவிட்டால் அடுத்த வருஷம் ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இருக்காது.